ஏழாவது அர்த்தம்

அகராதிப் பிரிவில் அவரை எல்லோரும் கமா என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு யாராவது தேடி வந்தால் வாசல் காவலாளி திருதிருவென்று முழிப்பார். கமா அண்ணன் என்று கேட்டால் போதும், "மூணாவது மாடி, கடைசி ரூம், ஜன்னலோர மேசை" என்று மூச்சு விடாமல் பதில் வரும்.

பெயர் வேலையால் வந்தது. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் அர்த்தம் சொல்லும் அகராதி அது. பதிப்பாசிரியர் கைப்பட எழுதிக் கொடுக்கும் மூலத்தாளை ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் அச்சுக்குப் போகும் ப்ரூஃபை வரிவரியாகப் பார்த்துச் சிவப்பு மையால் திருத்த வேண்டும். வாசிப்பவர் எழுத்தை மட்டும் வாசித்தால் ஆகாது. கமா வந்தால் கமா என்று சொல்ல வேண்டும், புள்ளி வந்தால் புள்ளி. முப்பத்தொரு வருஷம் இப்படியே வாசித்தவருக்கு நாக்கிலேயே கமா ஒட்டிக்கொண்டது. ஒருமுறை கணினிப் பிரிவோடு சண்டை வந்தபோது, "நீங்க கமா, உங்க மேனேஜர் கமா, எல்லாரும் சேர்ந்து" என்று ஆரம்பித்தார். மொத்த மாடியும் சிரித்ததில் சண்டை பாதியிலேயே படுத்துவிட்டது.

அதற்கு முன்னால் அவர் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்துக்கொண்டிருந்தார். எந்த வண்டி எந்த நடைமேடை என்று அவர் சொன்னால் தூங்குகிறவன்கூட எழுந்து சரியான வண்டியில் ஏறுவான் என்பார்கள். பழைய பதிப்பாசிரியர் ஒருநாள் வண்டியைத் தவறவிட்டு, இரண்டு மணி நேரம் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போகும்போது ஆளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எதிர் நாற்காலி புள்ளியக்காவுடையது. ஆள் குள்ளம், பேச்சு அதைவிடக் குள்ளம். எந்த வாக்குவாதத்தையும் ஒரே வார்த்தையில் முடித்துவைப்பாள். தனக்கு வந்த வரன்களையும் அப்படித்தான் வரிசையாக முடித்துவைத்தாள் என்று அலுவலகத்தில் பேச்சு, அவளும் மறுத்ததில்லை. பதினேழு வருஷமாக அந்த மேசையில் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். அவர் முகத்தை அவள் அதிகம் பார்த்ததில்லை. கண் எப்போதும் ப்ரூஃபில்தான் இருக்கும். குரலை வைத்தே அவருக்குச் சளி வரப்போவதை ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிடுவாள்.

கமா அண்ணனுக்கு ஓர் ஆசை இருந்தது. முதல் பதிப்பின்போது அவர் வந்து சேர்ந்ததே நடுவில்தான். இரண்டாம் பதிப்பில் எஸ் வரைக்கும் வந்தபோது பாடநூல் பிரிவில் ஆள் குறைகிறது என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இது மூன்றாம் பதிப்பு. இது முடியும்போது அவருக்கும் ஓய்வு வயது வந்துவிடும்.

"இந்தத் தடவை ஏ-ல இருந்து இசட் வரைக்கும் ஒரே மூச்சா போயிடணும்மா," என்பார். "அப்புறம் என்னை எங்க வேணா தூக்கிப் போடட்டும்."

எல் வரைக்கும் வந்துவிட்டார்கள். இன்னும் ஏழு மாத வேலை.

அன்றைக்கு லைஃப் என்ற சொல் இருந்த பக்கம். அர்த்தங்கள் அதிகம் உள்ள சொல் என்றால் கமா அண்ணனுக்குக் கொண்டாட்டம். மேசைக்கு வருமுன் முகம் கழுவிக்கொண்டு வருவார். அன்றும் குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில் பதிப்பாசிரியர் அறைக்குள் வந்தார். காலையிலேயே அவசரமாக இருந்தார்.

"லைஃப் பக்கத்தை ராத்திரி உட்கார்ந்து மாத்திட்டேன். புது ப்ரூஃபும் போட்டாச்சு," என்று ஒரு தாளைப் புள்ளியக்காவிடம் கொடுத்தார். மூலத்தாள் கட்டிலிருந்து பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகிவிட்டுப் போய்விட்டார்.

இதைக் கமா அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று புள்ளியக்காவுக்குத் தோன்றவே இல்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? கையில் இருப்பதைத்தானே அவர் வாசிக்கப்போகிறார்.

அவர் வந்து உட்கார்ந்து, தாளை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"லைஃப். பெயர்ச்சொல். ஒன்று. உயிர் கமா உயிர்நிலை புள்ளி. இரண்டு. வாழ்வு கமா வாழ்க்கை புள்ளி. மூன்று. ஆயுள் கமா வாழ்நாள் புள்ளி. நான்கு. உயிரோட்டம் கமா கலகலப்பு புள்ளி. ஐந்து. வாழ்க்கை வரலாறு புள்ளி. ஆறு. ஆயுள் தண்டனை புள்ளி. அடுத்தது, லைஃப்போட்."

புள்ளியக்காவின் பேனா நின்றது. ப்ரூஃபில் ஆறாவதற்குப் பிறகு ஏழு இருந்தது. ஏழு: ஒருவர் தன் உயிராக நினைக்கும் மற்றொருவர், உயிரானவர்.

"அண்ணே, மறுபடி சொல்லுங்க."

அவர் மறுபடி சொன்னார். ஒன்று முதல் ஆறு வரை, ஒரு கமா பிசகாமல். ஆறோடு நிறுத்திக்கொண்டு லைஃப்போட் என்றார்.

அச்சில் ஒரு வரி கூடுதலாக வந்துவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அடித்துவிடலாம் என்று சிவப்புப் பேனாவைக் கொண்டுபோனவள், எதற்கும் ஒருமுறை மூலத்தைப் பார்த்துவிடலாம் என்று எழுந்து அவர் பின்னால் போய் நின்றாள். மூலத்தாளிலும் ஏழு இருந்தது. பதிப்பாசிரியரின் கொட்டைக் கொட்டையான கையெழுத்தில், குழந்தைகூட வாசிக்கிற மாதிரி இருந்தது. கமா அண்ணனின் விரலோ தாளின் அடியில், ஒன்றும் எழுதாத வெள்ளை இடத்தில் நின்றிருந்தது.

அவள் எதுவும் பேசவில்லை. பதினேழு வருஷத்தில் அவள் மௌனத்தின் வகைகளும் அவருக்குத் தெரியும்.

"பக்கத்தை மாத்திட்டாங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவருக்குத் தாள் தெரியவே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இது தெரியாமலா இத்தனை நாள் எதிரே உட்கார்ந்திருந்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. அவர் இப்போதெல்லாம் டீயை டம்ளருக்குள் விரல் விட்டு அளந்து ஊற்றுகிறார். படியிறங்கும்போது சுவரைத் தடவிக்கொண்டே போகிறார். வயசாகிறது, வேறென்ன என்று விட்டுவிட்டாள்.

"எத்தனை நாளாண்ணே?"

"டி எழுத்து ஆரம்பிச்சப்போ. நாலு மாசம் இருக்கும்." அவர் தாளை மேசைமேல் வைத்து நீவிவிட்டார். "ஓரமெல்லாம் தெரியுதும்மா. நீ நிக்கறது தெரியுது, ஜன்னல் தெரியுது. நேரா எதைப் பாக்குறேனோ அதுமட்டும் காணாமப் போயிடுது. நடுவுல எண்ணெய்க் கறை பட்ட மாதிரி. டாக்டர் இதுக்குமேல ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டார்."

"அப்போ இவ்வளவு நாள் எப்படி வாசிச்சீங்க?"

"மனப்பாடம்."

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தாள். அவள் மனசுக்குள் ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். தலை சுற்றியது. அடுத்த நொடியே கோபம் வந்துவிட்டது.

"அப்படின்னா நாலு மாசமா மூலத்தை யாரும் பாக்கலை. நீங்களும் பாக்கலை, நானும் பாக்கலை. ஏதோ ஒரு பொண்ணு இந்தப் புத்தகத்தைப் படிச்சுப் பரீட்சையில தப்பா எழுதும். எனக்கு எப்படிண்ணே தூக்கம் வரும்? நான் எடிட்டர் மேடத்துக்கிட்ட சொல்லித்தான் ஆகணும்."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. தலையை ஆட்டினார்.

"சொல்லு. வேணாம்னு சொல்ல மாட்டேன். சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போயிடு. அப்புறம் உன் இஷ்டம்."

சாயங்காலம் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் ஒன்றாகப் பேருந்தில் போனார்கள். எந்த எண் வண்டி வருகிறது என்று அவள்தான் பார்த்துச் சொன்னாள். வழக்கமாகப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்வாராம். இறங்கி நடந்தபோது வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்து, பிடிக்காமலேயே வந்தாள்.

இரண்டு அறை வீடு. வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே சமையலறை. கமா அண்ணனின் மனைவி அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடி தலையிலேயே இருந்தது. புள்ளியக்காவைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"தெரிஞ்சுபோச்சா?" என்று கணவரைப் பார்த்துக் கேட்டார். பிறகு புள்ளியக்காவிடம், "உக்காரு கண்ணு. எங்க வேலை முடிஞ்சதும் சாப்பிடலாம். இன்னிக்குப் பக்கம் ஜாஸ்தி," என்றார்.

புள்ளியக்கா சுவரோரம் உட்கார்ந்தாள். கமா அண்ணன் துணிப்பையிலிருந்து மறுநாளைய மூலத்தாள்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு முறத்தில் அவரைக்காயைப் போட்டுக்கொண்டு நார் உரிக்க ஆரம்பித்தார். அண்ணி அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவர். தமிழ் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலத்தில் எழுத்துகளை மட்டும் இந்த நாலு மாதத்தில் கற்றுக்கொண்டிருந்தார். ஒரு சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாக அவர் சொல்ல, கமா அண்ணன் அதைச் சேர்த்துச் சொல்லாக்கினார்.

"எல், ஐ, என், ஈ."

"லைன்."

"அர்த்தம்?"

அண்ணி உடனே வாசித்துக் காட்டிவிட மாட்டார். பழைய பதிப்பில் என்ன இருந்தது என்று முதலில் கணவரைச் சொல்லவைப்பார். பிறகு தாளில் இருப்பதை வாசிப்பார். எங்கே மாறியிருக்கிறது, எது புதிது என்று அவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கம் முடிந்ததும் முதலிலிருந்து முழுக்க ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்கும்போது அண்ணியின் விரல் வரிவரியாக நகரும்.

"சரியா இருக்கா?" என்று கடைசியில் கமா அண்ணன் கேட்பார்.

"எங்க சரியா இருக்கு? நாலாவதுல ஒரு கமாவை முழுங்கிட்டீங்க. நேத்துலேர்ந்தே கவனம் இல்ல உங்களுக்கு. மறுபடி."

கமா அண்ணனிடமே கமா விட்டுப்போனது என்று சொல்லக்கூடிய ஒரு ஜீவன் உலகத்தில் இருக்கிறது என்பது புள்ளியக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் பள்ளிப் பிள்ளை மாதிரி மறுபடி ஆரம்பித்தார். அடுப்பில் பொங்கி வழிந்தது. அண்ணி எழுந்து போய் அணைத்துவிட்டு, விட்ட வரியில் விரலை வைத்தார். புள்ளியக்கா தன்னையறியாமல் கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள். மூலத்தை யாரும் பார்க்கவில்லை என்று காலையில் கத்தினோமே, இதைவிடப் பெரிய பார்வை எது என்று நினைத்தாள். கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை, அந்த வீட்டில் ஒருவருக்குத் தெரியாது, மற்றவர் தாளைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

சாப்பிடும்போது அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இசட் வரைக்கும் விட்டுடுவாங்களா கண்ணு? அதுக்கப்புறம் இவரு வீட்டோட இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

"முதல்ல பழைய தாளையெல்லாம் பாத்துடறேன் அண்ணி," என்றாள் புள்ளியக்கா.

அடுத்த நான்கு நாட்கள் அவள் சீக்கிரமே வந்து, நாலு மாதத்துத் தாள்களையும் ப்ரூஃபையும் தனியாக உட்கார்ந்து ஒப்பிட்டாள். இரண்டு பிழைகள் அகப்பட்டன. சாதாரணமாக ஒரு மாதத்துக்கே அதைவிட அதிகம் வரும். ஐந்தாம் நாள் அவள் பதிப்பாசிரியர் அறைக்குக் கிளம்பியபோது, கமா அண்ணன் முன்னாடியே எழுந்து நின்றிருந்தார்.

"நானே சொல்லிக்கறேன்மா. நீ பக்கத்துல மட்டும் நில்லு."

அவர் எதையும் மறைக்காமல் சொன்னார். பதிப்பாசிரியர் நல்லவர், ஆனால் கறார். முதலில் நம்பவில்லை, பிறகு கோபப்பட்டார், பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு தெரியாதவரை வெச்சு அகராதி போட்டேன்னு வெளிய தெரிஞ்சா என்ன ஆகும், யோசிச்சீங்களா?"

"யோசிச்சேம்மா. அதான் சொல்லலை. தப்புதான்."

"வாசிக்கறவர் பாத்துத்தான் வாசிக்கணும். அதுக்காகத்தான் அந்த நாற்காலி."

"நாற்காலியை மாத்திடலாம் மேடம்," என்றாள் புள்ளியக்கா. "நான் ப்ரூஃபை வாசிக்கறேன். மூலம் அவர் தலையில இருக்கு. மாறினா அவர் சொல்லட்டும். இன்னிக்குப் பக்கத்தை நீங்களே வாசிச்சுப் பாருங்க."

பதிப்பாசிரியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, அன்றைய தாள் ஒன்றை எடுத்து வாசித்தார். வேண்டுமென்றே ஒரு சொல்லை மாற்றினார். ஓர் அர்த்தத்தை விட்டார். ஒரு கமாவைப் புள்ளியாக்கினார். மூன்று இடத்திலும் கமா அண்ணன் கையைத் தூக்கினார். முடிந்தது என்று பதிப்பாசிரியர் தாளைக் கீழே வைத்தபோது நான்காம் முறையாகவும் தூக்கினார்.

"இன்னும் என்ன?"

"இதுல ரெண்டாவதா சொன்ன அர்த்தமே நாலாவதுலயும் வருதும்மா. உங்க மூலத்துலயே அப்படித்தான் இருக்கு. வீட்ல நேத்தே சொன்னாங்க, கேட்டுடுங்கன்னு."

பதிப்பாசிரியர் தாளை எடுத்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து நாலாவதை அடித்தார்.

"வீட்லன்னா யாரு?" என்று கேட்டார்.

புள்ளியக்கா சொன்னாள். சொல்லி முடித்தபோது பதிப்பாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"சரி. நாற்காலியை மாத்திக்கோங்க," என்றார்.

"இனிமே பக்கத்தை மாத்தினா வாயால சொல்லிட்டு மாத்துங்க மேடம்," என்றாள் புள்ளியக்கா. அந்த மாடியில் அவரிடம் அப்படிப் பேசியவர்கள் யாருமில்லை. அவர் சரியென்று தலையாட்டினார்.

அதன்பிறகு ஏழு மாதம் புள்ளியக்கா வாசித்தாள். முதல் வாரம் தொண்டை கட்டிப்போய்ச் சுக்கு வெந்நீரோடு அலைந்தாள். "நீ பஸ் ஸ்டாண்டுல மைக் பிடிச்சிருந்தா ஒரு ஜனமும் ஊர் போய்ச் சேந்திருக்காது," என்று கமா அண்ணன் கிண்டல் செய்தார். எதிர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலை மேசைமேல் வைத்து உட்கார்ந்திருப்பார். பிழை வந்தால் அந்த விரல் ஒருமுறை தட்டும். இசட்டின் கடைசிச் சொல் முடிந்த அன்று அவளே புள்ளி என்று சொன்னாள். விரல் தட்டவில்லை. அவர் சிறிது நேரம் கண்ணைத் திறக்கவும் இல்லை.

அகராதி அச்சாகி வந்த அன்று, முதல் கட்டிலிருந்து ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அவள் அவர்கள் வீட்டுக்குப் போனாள். கமா அண்ணன் ஓய்வு பெற்று மூன்று வாரம் ஆகியிருந்தது. புத்தகத்தை மடியில் வைத்து, எடை பார்ப்பதுபோலத் தூக்கினார், அட்டையைத் தடவினார், மோந்து பார்த்தார். பிறகு மனைவியிடம் நீட்டினார்.

"இந்தாம்மா, முதல் பக்கத்துலேர்ந்து ஆரம்பி."

முதல் பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. நன்றி சொல்லும் பக்கம் அது. அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, அவர் சேர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். பேராசிரியர்கள், அச்சகத்தார், கணினிப் பிரிவு. கமா அண்ணன் பெயர் வந்தது. அதை அண்ணி எழுத்தெழுத்தாகச் சொல்லும்போதே வெட்கப்பட்டார். அதற்கடுத்தது புள்ளியக்கா பெயர். அதற்குக் கீழே கடைசியாக இன்னொரு பெயர் இருந்தது. அதை அங்கே போட வேண்டும் என்று புள்ளியக்கா பதிப்பாசிரியரிடம் ஒரே வார்த்தையில் சொல்லியிருந்தாள்.

அண்ணி அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். தன் பெயரை அவர் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்ததே இல்லை. வேறு ஏதோ சொல் என்றுதான் வாசித்தார். கமா அண்ணன் சேர்த்துச் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திவிட்டார்.

"மறுபடி சொல்லு."

அண்ணி மறுபடி சொன்னார்.

அவர் அந்தப் பெயரைச் சொன்னார். முப்பத்தாறு வருஷமாக இந்தாம்மா என்று மட்டுமே கூப்பிட்ட வாய், பேருந்து நிலையத்து மைக்கில் சொன்ன மாதிரி, தெளிவாக அந்தப் பெயரை முழுக்கச் சொன்னது.

பழக்கதோஷத்தில் அண்ணி, "அர்த்தம்?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அது தன் பெயர் என்று உறைத்தது. கை புத்தகத்தின் மேல் அப்படியே நின்றது.

கமா அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒன்று. உயிர் கமா உயிர்நிலை புள்ளி. இரண்டு. வாழ்வு கமா வாழ்க்கை புள்ளி. மூன்று. ஆயுள் கமா வாழ்நாள் புள்ளி. நான்கு. உயிரோட்டம் கமா கலகலப்பு புள்ளி."

"அது எல்லுல லைஃபுக்குச் சொன்ன அர்த்தமாச்சே," என்றார் அண்ணி. "நான்தானே படிச்சுக் காட்டினேன். ஆறு இருக்கும்."

"ஏழு. ஏழாவது, நீ படிச்சதுக்கப்புறம் சேத்தது."

"என்னது அது?"

"பாத்துக்கோ," என்றார் அவர்.

எங்கே இருக்கிறது என்று காட்டலாமா என்று புள்ளியக்கா கையை நீட்டினாள். தேவைப்படவில்லை. அண்ணி தானே எல்லுக்குப் போய், பக்கங்களைத் தள்ளி, விரலை ஓட்டிக் கண்டுபிடித்துவிட்டார். ஏழாவதற்கு வந்ததும் விரல் நின்றது. உதடு அசையாமல் வாசித்தார். பிறகு புத்தகத்தை மூடித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, அடுப்பில் எதுவும் இல்லாத சமையலறையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தகம் மூடிய சத்தம் கமா அண்ணனுக்குக் கேட்டது.

"சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு," என்றார் அண்ணி.